பரிசலில் போகிறவருக்கு எந்தக் கத்தி?

மேட்டூர் நீர்த்தேக்கக் கரையோரக் கிராமத்திலிருந்து ஒரு வாசகி கேள்வி அனுப்பியிருக்கிறார். கொஞ்சம் மானாவாரி நிலம், இரண்டு ஆடு, ஒரு பரிசல். இதுதான் குடும்பத்தின் ஆதாரம். தண்ணீர் இருக்கும் மாதங்களில் கணவரும் அவருமாகச் சாயங்காலம் வலை விட்டு, விடியற்காலையில் எடுக்கிறார்கள். போன ஆடி மாதம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் காற்றில் பரிசல் கவிழ்ந்து இறந்துவிட்டாராம். நன்றாக நீந்தத் தெரிந்தவர். கால் வலையில் மாட்டிக்கொண்டது. அவர் இடுப்பில் மடக்குக்கத்தி இருந்தது. உடலை எடுத்தபோது அது மடங்கியபடியே இருந்தது என்று எழுதியிருக்கிறார். கடையில் விதவிதமாகக் கத்தி வைத்திருக்கிறார்கள், கணவருக்கு எதை வாங்குவது என்பது அவருடைய கேள்வி.

மீன் அறுக்கும் கத்தியைப் பற்றி ஆளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். பரிசலில் இருக்கவேண்டிய கத்தியைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. பரிசலில் போகிறவருக்கு மீனை அறுக்கும் வேலையே கிடையாது. கட்லாவோ ரோகுவோ முழு மீனாகத்தான் கரைக்கு வருகிறது, எடை போட்டுத்தான் விற்கிறது. வீட்டுக்கு எடுத்துவரும் ஜிலேபியை அரிவாள்மனையில் நறுக்கிக்கொள்ளலாம். பரிசலில் கத்தி அறுக்கவேண்டியது கயிற்றையும் வலையையும் மட்டும்தான். அதையும் ஒரே கையால், நனைந்த விரல்களோடு, சில சமயம் தண்ணீருக்கு அடியில், கண்ணுக்கு எதுவும் தெரியாமல் அறுக்கவேண்டியிருக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் அங்கே இருக்கும் பாதிக் கத்திகளை எடுத்துப் பார்க்கவே வேண்டாம்.

வலை எப்படி ஆளைப் பிடிக்கிறது

1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 120 அடி. ஆனால் வருடம் முழுவதும் தண்ணீர் அந்த மட்டத்தில் நிற்பதில்லை. கோடையில் நீர் இறங்கியதும் காய்ந்த தரையில் பயிர் வைக்கிறார்கள்; சீமைக்கருவேலமும் முளைத்து வளர்ந்துவிடுகிறது. ஆடியில் தண்ணீர் ஏறும்போது மரம், மட்டை, வேலி, பழைய கல்கட்டு எல்லாம் அப்படியே மூழ்கிப்போகும். நரம்பு வலையின் அடிக்கயிறு இவற்றில்தான் சிக்குகிறது. சிக்கிய வலையை எழுந்து நின்று இழுத்தால், வட்டமான பரிசல் இழுக்கும் பக்கமே சாயும். பரிசலைத் திருப்பி நிறுத்த முன்பக்கமும் இல்லை, பின்பக்கமும் இல்லை. ஆடிக் காற்றில் அலையும் சேர்ந்துகொண்டால் ஒரு நொடி போதும்.

தண்ணீரில் விழுந்தவர் காலை உதைப்பார். வலை உதைக்க உதைக்கச் சுற்றும். நைலான் நரம்பு தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது, கையால் இழுத்தால் அறாது, விரலைத்தான் அறுக்கும். நைலான் தண்ணீரைவிடக் கனமானது. மிதவை இல்லாத பக்கம் கீழேதான் போகும். அடிக்கயிற்றில் கட்டியிருக்கும் கல்லோ செங்கல் துண்டோ வேறு ஆளைக் கீழே இழுக்கும். நீச்சல் தெரிந்தவரும் இப்படித்தான் போகிறார்.

கடற்கரைப் பக்கம் கயாக் என்ற ஒற்றையாள் படகில் பொழுதுபோக்காகத் தூண்டில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் விவரம் தெரிந்தவர்கள் உயிர்காப்பு அங்கியின் நெஞ்சுப் பக்கத்தில் முனை மழுங்கிய ஒரு சின்னக் கத்தியை உறையோடு பொருத்தி வைத்திருப்பார்கள். அவர்கள் படகு வேறு, நம் பரிசல் வேறு. தண்ணீரில் விழுந்தவரின் நிலைமை இரண்டிலும் ஒன்றுதான்.

மடக்குக்கத்தி வேண்டாம்

மடக்குக்கத்தி மடியில் அடங்கும், விலையும் குறைவு. ஆனால் அதைத் திறக்க இரண்டு கை வேண்டும். ஒரு கையால் பரிசல் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருப்பவருக்கு இரண்டாவது கை எங்கே இருக்கிறது? மீன் கோழை பட்ட விரலில் நகம் வைக்கும் பள்ளம் வழுக்கும். மணல் புகுந்த திருகாணி இறுகிவிடும். துருப்பிடித்தால் சொல்லவே வேண்டாம். மடங்காத, உறையிலிருந்து உருவினால் போதும் என்கிற கத்திதான் வேண்டும்.

அலகு 3 முதல் 4 அங்குலம் இருந்தால் நிறைவு. நீளமான கத்தி குறுகலான பரிசலில் தொந்தரவு; காலோடு ஒட்டியிருக்கும் வலைக்குள் விடவும் வராது. முனை கூராக இருக்கக்கூடாது. இது பலருக்கு விசித்திரமாகத் தெரியும், கத்திக்கு அழகே முனைதானே என்பார்கள். ஆனால் வலையை அறுக்க முனை எதற்கும் உதவாது. அலை ஆட்டத்தில் தன் தொடையிலோ எதிரில் உட்கார்ந்திருப்பவர் மேலோ குத்தத்தான் உதவும். மூங்கில் சட்டத்தின்மேல் சாக்கு ஒட்டித் தார் பூசிய பரிசலாக இருந்தால் அடியில் ஓட்டை போடவும் உதவும். கூர்முனைக் கத்திதான் கிடைத்தது என்றால் பட்டறையில் முனையைத் தேய்த்து உளி வாய்போல் மழுங்கச் செய்துகொள்ளலாம்.

வாய் எப்படி இருக்கவேண்டும்? நெல் அறுத்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. கருக்கரிவாளில் பல் எதற்கு இருக்கிறது? வழவழப்பான தாள் நழுவாமல் பிடித்து அறுப்பதற்கு. நனைந்த நைலானும் அப்படித்தான் நழுவும். சாதாரண வாய் விறைப்பாக நிற்கும் கயிற்றை நன்றாக அறுக்கும். தொய்வாகக் கிடக்கும் நரம்பில் வழுக்கிக்கொண்டு போகும். பல் உள்ள வாய் அதைக் கவ்விப் பிடிக்கும். பாதி அலகில் பல்லும் பாதியில் சாதாரண வாயுமாக வரும் கத்தி கிடைத்தால் அதுவே சிறந்தது. பல் மழுங்கினால் வீட்டில் தீட்டுவது சிரமம், சாதா வாயைக் கல்லில் நாமே தீட்டிக்கொள்ளலாம்.

பழைய கருக்கரிவாளின் நல்ல துண்டை வெட்டி, 4 அங்குலக் கத்தியாகப் பிடி போட்டுத் தரச் சொன்னால் ஊர்க் கொல்லர் செய்து தருவார். ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லவேண்டும். சாணைச் சக்கரத்தில் தேய்க்கும்போது இரும்பு நீலம் பாய விடக்கூடாது. அடிக்கடி தண்ணீரில் நனைத்துத் தேய்க்கவேண்டும். நீலம் ஏறிய இடத்தில் பதம் போய்விட்டது என்று அர்த்தம், அந்த வாய் நிற்காது.

இரும்பா, எவர்சில்வரா?

ஆறு, ஏரி, அணை போன்ற நல்ல தண்ணீரில் தொழில் செய்கிறவருக்கு லாரிப் பட்டையில் அடித்த இரும்புக் கத்தி நன்றாக உழைக்கும். கூர் ஏற்றுவதும் சுலபம். தினமும் கழுவித் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவவேண்டும். பழவேற்காடு, பிச்சாவரம் மாதிரி உப்புக் கலந்த நீரில் போகிறவர்களுக்கு எவர்சில்வர்தான். அதுவும் உப்பில் கிடந்தால் புள்ளி புள்ளியாக அரிக்கும். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுவதை விடக்கூடாது.

எவர்சில்வர் வாங்கப் போகும்போது பையில் ஒரு காந்தத் துண்டு எடுத்துப் போங்கள். சமையல் பாத்திரம் செய்யும் நிக்கல் கலந்த எவர்சில்வரில் காந்தம் அநேகமாக ஒட்டாது. அதைக் காய்ச்சிப் பதம் ஏற்றவும் முடியாது; கூர் நாலு நாளில் போய்விடும். காந்தம் ஒட்டாத கத்தியை வைத்துவிட்டு வந்துவிடலாம். ஒட்டினாலே தரமான கத்தி என்றும் ஆகாது, ஏனென்றால் பதம் ஏறாத சில மலிவு ரகங்களிலும் காந்தம் ஒட்டும். அதனால் காந்தத்தோடு, பழைய வலைத் துண்டு ஒன்றையும் முழ நீளக் கயிற்றையும் நனைத்து எடுத்துப் போகவேண்டும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, அறுத்துப் பார்த்து வாங்குங்கள்.

பிடியில் கவனம் இன்னும் அதிகம் வேண்டும். வழவழப்பான பிளாஸ்டிக் பிடி ஆகாது. மரப்பிடி நீரில் ஊறி, காய்ந்து, வெடிக்கும், ஆணி ஆடும். சொரசொரப்பான ரப்பர் பிடி நல்லது. இல்லையென்றால் இருக்கிற பிடியில் சணலை நெருக்கமாகச் சுற்றிக்கொள்ளலாம். அலகும் பிடியும் சேரும் இடத்தில் விரல் முன்னே நழுவாமல் ஒரு தடுப்பு இருக்கவேண்டும். பிடியில் சிவப்போ மஞ்சளோ பளிச்சென்று ஒரு நாடா ஒட்டிவிட்டால் பரிசலுக்குள் வலைக்குவியலில் விழுந்தாலும் தேடி எடுக்கலாம்.

எங்கே கட்டுவது

இடுப்பின் பின்பக்கம், வேட்டி மடி, டிபன் பை, பரிசலின் மூங்கில் இடுக்கு எல்லாமே தவறான இடங்கள். பரிசல் கவிழ்ந்தால் பையும் இடுக்கும் ஒரு பக்கம் போகும், ஆள் ஒரு பக்கம் போவார். கத்தி உடம்பில் இருக்கவேண்டும். எந்தக் கை மாட்டிக்கொண்டாலும் மற்றக் கைக்கு எட்டவேண்டும். நெஞ்சின் நடுப்பகுதிதான் அதற்கு ஏற்ற இடம். உயிர்காப்பு அங்கி போடுகிறவர்கள் அதன் பட்டையில் உறையைத் தலைகீழாகக் கட்டினால் கீழ்நோக்கி இழுத்ததும் கத்தி கையில் வந்துவிடும். உறை தானாக நழுவவிடாத அளவுக்கு இறுக்கமாக இருக்கவேண்டும். அங்கி போடாமல் கத்தியை மட்டும் நம்பிப் போவது, ஏர் இல்லாமல் மாட்டை மட்டும் ஓட்டிக்கொண்டு வயலுக்குப் போவதைப்போல. கழுத்தில் கயிறு போட்டுத் தொங்கவிடுவது கூடவே கூடாது. வலையோடு அந்தக் கயிறும் சேர்ந்து இறுகும்.

தோல் உறை தண்ணீரை உறிஞ்சிவைத்துக் கத்தியைத் துருப்பிடிக்க வைக்கும். பிவிசி குழாய்த் துண்டைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு இளக்கி, கத்தி அளவுக்குத் தட்டையாக அழுத்தி ஆறவிட்டால் அருமையான உறை கிடைக்கும். நெருப்பில் நேரடியாக வாட்டவேண்டாம், அந்தப் புகை கெடுதல். தண்ணீர் வடிய அடியில் ஒரு துளை போதும்.

கத்தியைப் பிறகு வேறு வேலைக்குத் தொடக்கூடாது. பாக்கு வெட்ட, மாங்காய் கீற, பீடிக்கட்டுப் பிரிக்க என்று எடுத்தால் தேவைப்படும் அன்றைக்கு அது மழுங்கியிருக்கும், அல்லது உறையில் இருக்காது.

அறுக்கத் தெரியவேண்டும்

கரையில் பரிசலைப் போட்டு, உட்கார்ந்து, கண்ணை மூடி, இடது கையால் உருவிப் பாருங்கள். பிறகு முழங்கால் ஆழத் தண்ணீரில், துணைக்கு ஒருவரை நிறுத்திக்கொண்டு, கிழிந்த வலையைக் காலில் சுற்றி அறுத்துப் பாருங்கள். முதல் தடவை எல்லோருமே தடுமாறுவார்கள். உதைக்காமல் காலை அசையாமல் வைப்பது முதல் பாடம். அடுத்தது, கண்ணி கண்ணியாக அறுக்காமல் முதலில் கல் கட்டிய அடிக்கயிற்றைத் தேடி அறுப்பது. கீழே இழுக்கும் கனம் போய்விட்டால் தலை மேலே வரும். மீதியை மூச்சு விட்டுக்கொண்டே அறுக்கலாம். வாய் உடம்புக்கு எதிர்ப்பக்கம் பார்த்திருக்கவேண்டும். கவிழ்ந்த பரிசல் பெரும்பாலும் மிதக்கும், அதை விட்டுவிட்டுக் கரைக்கு நீந்தப் பார்க்கவேண்டாம்.

கையிலோ காலிலோ வெட்டுப்பட்டால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து இரத்தத்தை நிறுத்தி, பிறகு சோப்பும் நல்ல தண்ணீரும் விட்டுக் கழுவவேண்டும். கெளுத்தி முள் குத்தினாலும் அப்படியே. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, தடுப்பூசி தேவையா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இவ்வளவும் தெரிந்தவர்கூடத் தயங்குகிற இடம் ஒன்று உண்டு. வலை கடனில் வாங்கியது. அடிக்கயிறு மரத்தில் மாட்டி, பரிசல் சாயத் தொடங்கும்போதே அறுத்துவிட்டால் எவரும் தண்ணீரில் விழவேண்டியதே இல்லை. ஆனால் கை இன்னொரு தடவை இழுத்துப் பார்க்கிறது, அதற்கப்புறம் இன்னும் ஒரு தடவை. வலை பல துண்டங்களைக் கோத்துத்தான் விடப்படுகிறது. சிக்கிய இடத்தில் அறுத்தால் பெரும்பாலும் போவது ஒரு துண்டத்தின் பகுதிதான். மீதியை நூல் போட்டுப் பின்னிக்கொள்ளலாம். தண்ணீரில் விட்டுவந்த பகுதியின் மேல்கயிற்றில் ஒரு பெரிய மிதவையைக் கட்டிவிட்டு, காற்று அடங்கிய நாளில் இரண்டு பரிசலாகப் போய் எடுத்துவரலாம். எடுத்துவரத்தான் வேண்டும். அனாதையாகக் கிடக்கும் வலை மாதக்கணக்கில் மீனைப் பிடித்துப் பிடித்து அழுகவைக்கும். அடுத்தவர் பரிசலையும் மாட்டும். எப்போது அறுப்பது என்பதைக் கரையிலேயே இருவரும் பேசி வைத்துக்கொள்வது நல்லது. இரண்டு இழுப்புக்கு வராவிட்டால் அறுத்துவிடுவது என்று வைத்துக்கொண்டால், தண்ணீரில் வைத்து யோசிக்கவேண்டியதில்லை.

கேள்வி அனுப்பிய சகோதரி கணவருக்கு ஒரு கத்தி கேட்டிருந்தார். அதே பரிசலில் துடுப்புப் போடுகிறவர் அவர்தான். ஆகவே வாங்கவேண்டியது இரண்டு கத்தி. களை எடுக்கப் போகும்போது சேலைக்கு மேல் சட்டை போடுவதைப்போலப் பரிசலுக்கும் போட்டுக்கொண்டு, சேலைத் தலைப்பை உள்ளே செருகிக்கொள்ளவேண்டும். சட்டைக்கு மேல் உயிர்காப்பு அங்கி, அதன் நெஞ்சுப்பட்டையில் கத்தி. கணவர் இடது கைப்பழக்கம் உள்ளவரா, வலது கைப்பழக்கம் உள்ளவரா என்பதை அவர் எழுதவில்லை. பட்டையின் நடுவில் கட்டினால் அதுவும் ஒரு பிரச்சினை இல்லை.