'மே' வேறு, 'மஸ்ட்' வேறு – ஆங்கிலத் துணை வினைகளை அறிவோம்!



வங்கியிலிருந்து செல்லுக்கு வரும் மெசேஜ், கடன் பத்திரம் எல்லாம் பல நேரம் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. பெரிய வார்த்தைகளைப் பார்த்து நாம் பயப்படுகிறோம். ஆனால் அர்த்தத்தையே மாற்றிவிடுவது குட்டிக் குட்டி வார்த்தைகள்தான். இவற்றுக்குத் துணை வினை என்று பெயர்.

தமிழிலும் இது உண்டு. "கட்டிவிட்டேன்", "கட்ட வேண்டும்" என்கிறோம். 'கட்டு' முக்கிய வினை. 'விட்டேன்', 'வேண்டும்' துணை வினைகள். தமிழில் இவை பின்னால் வரும். ஆங்கிலத்தில் முன்னால் நிற்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

1. ஹேஸ் பீன், வில் பி

மெசேஜில் 'ஹேஸ் பீன் டெபிடெட்' என்று இருந்தால் கணக்கிலிருந்து பணம் எடுத்தாயிற்று என்று பொருள். நாம் எடுக்காத பணம் என்றால் உடனே வங்கிக்குச் சொல்ல வேண்டும். 'வில் பி டெபிடெட்' என்றால் இனிமேல்தான் எடுப்பார்கள். அந்தத் தேதிக்குள் கணக்கில் பணம் இருக்கணும். இல்லாவிட்டால் அபராதம் விழலாம்.

2. டூ, டஸ், டிட்

கேள்வி கேட்கவும், 'இல்லை' என்று சொல்லவும் இவை உதவும். "பணம் எனக்கு வரவில்லை" என்பதை 'ஐ ஆம் நாட் ரிசீவ் த மணி' என்று எழுதுவது தவறு. 'ஐ டிட் நாட் ரிசீவ் த மணி' என்பதே சரி. 'டிட்' வந்துவிட்டால் 'ரிசீவ்ட்' என்று போடக் கூடாது. நடந்து முடிந்தது என்பதை 'டிட்' ஒன்றே சொல்லிவிடும்.

நான், நீங்கள், நாம், அவர்கள் என்றால் 'டூ'. அவன், அவள், அது என்றால் 'டஸ்'.

3. மே, மஸ்ட், ஷால்

கடன் பத்திரத்தில் கவனமாகப் பார்க்க வேண்டியவை இவைதான்.

• மஸ்ட், ஷால் – செய்தே ஆக வேண்டும். 'ஷால் ரீபே' என்றால் கடனைத் திருப்பிக் கட்டியே ஆகணும்.
• மே – செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம். 'த பேங்க் மே வெய்வ் த பெனால்டி' என்றால் வங்கி நினைத்தால் அபராதத்தைத் தள்ளுபடி செய்யும். அதை நம்பித் தவணையை விட்டுவிடாதீர்கள்!
• மஸ்ட் நாட் – செய்யவே கூடாது.
• நீட் நாட் – செய்யத் தேவையில்லை.

கடைசி இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஒன்றை நினைவில் வையுங்கள். நுண்கடன் ஒப்பந்தம் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022-ல் வெளியிட்ட விதிகளில் கூறியது. ஆகவே, "தமிழில் கொடுங்க சார்" என்று கேட்கத் தயங்காதீர்கள். புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

அடுத்த குழுக் கூட்டத்திற்கு ஆளுக்கொரு வங்கி மெசேஜ் கொண்டு வாருங்கள். ஓ.டி.பி., ரகசிய எண் வந்த மெசேஜ் மட்டும் வேண்டாம். துணை வினை எங்கே இருக்கிறது என்று சேர்ந்தே கண்டுபிடிப்போம். படிக்கும் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள், அவர்களுக்கும் பாடம் ஆகும்!