ஹோமர் மேல் ஏன் கோபம் வருவதில்லை?

சோம்பேறி, சாப்பாட்டு ராமன், ஆத்திரம் வந்தால் பெற்ற மகனின் கழுத்தையே நெரிப்பவர். பக்கத்து வீட்டுக்கு இப்படி ஒருவர் குடிவந்தால் நாம் வேறு வீடு பார்ப்போம். ஆனால் 'தி சிம்ப்சன்ஸ்' என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரின் ஹோமரை 1989 முதல் உலகமே ரசிக்கிறது.

"தப்பு செய்பவனைத்தான் நமக்குப் பிடிக்கும்" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் எலியட் அரோன்சன் குழுவினர் இதைச் சோதித்து, 1966இல் முடிவை வெளியிட்டார்கள். வினாடி வினாவில் 92 சதவீதம் சரியாகச் சொன்னவர் காபியைத் தன்மேல் கொட்டிக்கொள்வதை ஒலிப்பதிவில் கேட்ட மாணவர்களுக்கு, அவரை இன்னும் பிடித்துப்போனது. 30 சதவீதமே சொன்னவர் கொட்டிக்கொண்டபோதோ, இருந்த மதிப்பும் போனது. ஹோமர் எந்தக் கணக்கில் பார்த்தாலும் 30 சதவீத ஆசாமி!

அவர்மேல் கோபம் வராததில் கோடுகளால் ஆன உடம்புக்கும் ஒரு பங்கு உண்டு. கழுத்து நெரிபடும்போது மகன் பார்ட்டின் நாக்கு வெளியே தள்ளும், விழி பிதுங்கும்; அடுத்த காட்சியில் ஸ்கேட்போர்டில் பறப்பான். தழும்பு கிடையாது, 10 வயதும் தாண்டுவதில்லை. சிரிக்க இது போதும். பாசம் வர?

1995இல் வந்த ஒரு அத்தியாயத்தைப் பாருங்கள். அணுமின் நிலைய வேலையை உதறிவிட்டு, ஆசைப்பட்ட பௌலிங் கூடத்தில் சேர்கிறார் ஹோமர். மூன்றாவது குழந்தை வரப்போகிறது; அந்தச் சம்பளம் கட்டுப்படியாகாது. பழைய முதலாளியிடமே மண்டியிடுகிறார். இனி ஆயுளுக்கும் இங்கேதான் என்று ஹோமரின் மேசைக்கு எதிரே பலகை அடிக்கிறார் முதலாளி. வீட்டு ஆல்பத்தில் அந்தக் கைக்குழந்தை மேகியின் படம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் அந்தப் பலகைமேல் இருக்கின்றன. மறையாமல் மிஞ்சிய எழுத்துகளைக் கூட்டிப் படித்தால், அவளுக்காக இதைச் செய் என்று வருகிறது.

வீட்டார் பார்க்காத அந்தச் சுவரை நாம் பார்த்துவிட்டோம். என்னைக் கேட்டால், வித்தை அங்கேதான். மற்றவர்களுக்கு அவர் செய்ததுதான் தெரியும். எதை விட்டுக்கொடுத்தார் என்பது நமக்குத் தெரியும்.

1997இல் எழுத்தாளர்கள் தங்களையே சோதித்துக்கொண்டார்கள். ஃபிராங்க் கிரைம்ஸ் என்ற உழைப்பாளியை ஹோமரின் சக ஊழியராக்கினார்கள். அவர் ஹோமரைப் பற்றிச் சொல்லும் குறை ஒவ்வொன்றும் நியாயம். கடைசியில் வெறிபிடித்து, மின்கம்பியைத் தொட்டுச் சாகிறார். அவருடைய இறுதிச் சடங்கில் ஹோமர் தூங்கிப்போய், டிவி சேனலை மாற்றச் சொல்லி உளறுகிறார். கூடியிருந்த ஊரே சிரிக்கிறது. நானும் சிரித்தேன்.