பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒரு விண்ணப்பம்

பொதட்டூர்பேட்டையிலே விசைத்தறி ஓட்டிப் பிழைக்கும் அன்பர் ஒருவர் நமக்கு நீண்டதொரு கடிதம் விடுத்திருக்கிறார். பெயர் வேண்டாமென்று அவர் கேட்டிருப்பதால் நாம் அதை வெளியிடவில்லை. அவர் மணந்தது தம் தமக்கையின் மகளை. ஆறு வயது மகன் ஒருவன் இருக்கிறான். தலசீமியா என்னும் பரம்பரை ரத்த நோயோடு பிறந்த அச்சிறுவனுக்கு மூன்று வாரத்துக்கொரு முறை ரத்தம் ஏற்றியாக வேண்டும். அடுத்த குழந்தையேனும் இந்நோயின்றிப் பிறக்க வழியுண்டா என்று விசாரித்ததில், வழி உண்டு, ஐந்து லட்சம் ரூபாய் செலவாகும் என்று விடை கிடைத்ததாம். "திருத்தணியில் 365 படிகளும் ஏறி முருகனிடம் முறையிட்டாயிற்று, இனித் தங்கள் பத்திரிகை மூலம் நிதி திரட்டித் தர வேண்டும்" என்று முடிக்கிறார்.

வைத்தியர்கள் கூறும் வழி யாதென்பதை நேயர்கள் அறிதல் நன்று. தாயும் தந்தையும் இந்நோயின் கூற்றை ஒவ்வொரு பங்கு தம்முள் மறைவாகச் சுமப்பவர்கள். அவர்களுக்கு நோய் இல்லை. ஆனால் அவர்கள் பெறும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு அபாயம் உண்டு. முதற் குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்ததற்கு வராதென்று சிலர் ஆறுதல் சொல்லுவர். அது வீண் பேச்சு. ஆகவே தாயின் கருமுட்டைகளை வெளியே எடுத்து, சோதனைச் சாலையிலே கருவுறச் செய்து, ஐந்தாறு நாள் வளர்ந்தபின் கருவின் புறப்பகுதியிலிருந்து சில அணுக்களை மட்டும் எடுத்து ஆராய்ந்து, நோயற்ற கருவையே கருப்பையில் வைப்பார்கள். 1990-ஆம் ஆண்டில் லண்டன் ஹாமர்ஸ்மித் ஆஸ்பத்திரியில் ஹாண்டிசைட், வின்ஸ்டன் முதலியோர் தொடங்கிய முறை இது. நல்ல கருவை வைத்தாலும் அது தரிக்காமற் போவது உண்டு. ஐந்து லட்சமும் ஒரே முயற்சியில் கரைந்துவிடவுங் கூடும். இதை நம் அன்பரிடம் யாரேனும் விளங்கச் சொன்னார்களா என்று அறியோம்.

வேறு வழியும் உண்டு. இயல்பாகக் கருவுற்றபின் மூன்றாம் மாத அளவில் சோதித்து, நோயிருப்பின் கலைத்துவிடலாம். சட்டம் அதற்கு இடங்கொடுக்கிறது. செலவும் குறைவு. ஆனால் வயிற்றில் சுமந்ததை இழக்கும் துயரத்தை ஒரு தாய் எத்தனை முறை தாங்குவாள்? அந்த அம்மையார் அதற்கு இசையவில்லை என்று கடிதம் கூறுகிறது. அவரைக் குறை கூற நாம் யார்?

நிற்க, பணத்தின் விஷயத்துக்கு வருவோம். இத்தேசத்தில் பொதுப் பணம் எங்கே செல்கிறது என்று பாருங்கள். பிறந்த குழந்தையின் தலசீமியாவுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றுவதற்குக் கோல் இந்தியா கம்பெனியின் நிதியிலிருந்து 2017 முதல் பத்து லட்சம் ரூபாய் வரையில் உதவி கிடைக்கிறது. மிகச் சிறந்த காரியம். 2021-இல் நாமக்கல் ஜில்லாவிலே தண்டுவட நோயுற்ற ஒரு சிசுவுக்கு ஜனங்களே 16 கோடி ரூபாய் திரட்டிக் கொடுத்தார்கள். தமிழ்நாட்டு மக்களின் ஈரத்துக்கு வேறு சான்று வேண்டுவதில்லை. ஆனால் அடுத்த குழந்தை அந்நோயின்றிப் பிறக்க வேண்டுமென்று கேட்கும் பெற்றோருக்கோ, மத்திய சர்க்காரின் ஆயுஷ்மான் பாரத் காப்பீடு கருத்தரிப்புச் சிகிச்சையைத் தன் வரம்புக்கு வெளியே நிறுத்திவிட்டது. குழந்தைப் பேறு இல்லாமை ஆடம்பரக் குறை என்று கருதினார்கள் போலும்!

இங்கிலாந்தில் இத்தகைய குடும்பங்களுக்கு, தகுதி இருப்பின், மூன்று முயற்சிகள் வரையில் பொது வைத்திய இலாகாவே செலவேற்கிறது. நம் மாகாணமும் சும்மா இருக்கவில்லை. 1844 முதல் தாய்மாரைக் காத்துவரும் எழும்பூர் மகப்பேறு ஆஸ்பத்திரியிலே சர்க்கார் கருத்தரிப்பு மையம் ஒன்று 2024-இல் திறக்கப்பட்டிருக்கிறது. பரம்பரை நோயுள்ள ஏழைக் குடும்பங்களுக்கு இக்கருச் சோதனையும் அங்கே இலவசமாய்க் கிடைக்கும் என்பதைச் சர்க்கார் உத்தரவு மூலம் உறுதி செய்ய வேண்டும்.

இதனால் விரும்பிய நிறமும் அறிவும் கொண்ட குழந்தைகளைப் பொறுக்கும் காலம் வருமென்று அஞ்சுவோர் உளர். அச்சம் நியாயமே. ஆனால் 2021-ஆம் வருஷத்துச் சட்டம், அறியப்பட்ட பரம்பரை நோய்க்கன்றி வேறெதற்கும் இச்சோதனையைச் செய்யலாகாதென்று விதித்திருக்கிறது. ஆணா பெண்ணா என்று தெரிந்தெடுத்துத் தருவதாக விளம்பரம் செய்பவனுக்குப் பத்தாண்டு வரையில் சிறை. வேலி இருக்கிறது, காவற்காரன் விழித்திருக்கிறானா என்பதே கேள்வி. சர்க்கார் ஆஸ்பத்திரியில் நடப்பதைக் கண்காணிப்பது, தனியார் வீதிகளில் நடப்பதைக் கண்காணிப்பதினும் எளிது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணப்பது நம் நாட்டிலே பழைய வழக்கம். தமிழ்நாட்டில் நூறு மணங்களில் ஏறத்தாழ இருபத்தெட்டு உறவுக்குள் நடப்பவை என்று 2019-21 குடும்ப நல ஆய்வு கூறியது. ஜாதகம் பார்க்கும் வீட்டார் அத்துடன் ஒரு ரத்தச் சோதனையும் செய்துகொண்டால் பெரும் துயரம் நீங்கும். அதற்கு லட்சங்கள் வேண்டா.

கோரிக்கை எழும்பூருக்கும் கோட்டைக்கும் சென்று திரும்புவதற்குள் காலம் கடந்துவிடும். அந்த அம்மையாருக்கு இப்போது வயது முப்பத்தாறு. ஆண்டுதோறும் கருமுட்டைகள் குறைவதைக் கோப்புகள் அறியா. ஆகையால் நம் காரியாலயத்தில் நிதி ஒன்று தொடங்கியிருக்கிறோம். நம் பங்கு இருபத்தையாயிரம் ரூபாய். வரும் தொகை அனைத்தும் ஆஸ்பத்திரிக்கே நேரே செலுத்தப்படும். கணக்கு மாதந்தோறும் இப்பக்கத்திலேயே வெளியாகும்.