அந்தமான்: பவளம் தேடிப் போகிறவர்களுக்கு

அழகான கரையில் பார்க்க எதுவும் இருக்காது. எங்கே, எப்போது இறங்குவது என்பதைக் கடலின் ஏற்ற இறக்கம்தான் சொல்லும்.

ஹாவ்லாக் தீவில் இறங்கும் பயணிகள் முதலில் ஓடுவது ராதாநகர் கடற்கரைக்கு. 2004-ல் 'டைம்' பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று புகழ்ந்த இடம். வெள்ளை மணல், பின்னால் ஓங்கிய காடு. ஆனால் கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு நீருக்குள் எட்டிப் பார்த்தால் தெரிவது பெரும்பாலும் மணல். ஸ்நார்கெலிங் ஆசையில் வந்தவர்கள் ஏமாறுவது இங்கேதான். படத்தில் அழகாக இருக்கும் கரை வேறு, பவளம் வளரும் கரை வேறு.

காரணம் எளிது. பவளம் ஒட்டிக்கொள்ளக் கெட்டியான அடித்தளமும், வெயில் எட்டும் தெளிந்த நீரும் வேண்டும். புரளும் மணலும் ஓடைச் சேறும் அதற்கு ஆகாது. எனவே அதே தீவில் (2018 முதல் ஸ்வராஜ் தீவு) எலிஃபண்ட் பீச்சுக்குத்தான் போக வேண்டும். படகிலும் போகலாம், காட்டுப் பாதையில் நடந்தும் போகலாம். கரைக்குப் பக்கத்திலேயே பவளத் திட்டுகள். நீல் தீவில் (இப்போது ஷஹீத் தீவு) பரத்பூர் கரை இருக்கிறது.

இடம் சரி, நேரம்? கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்குகிறது. அந்த நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். நீர் வற்றிய வேளையில் போனால் நீந்த முடியாது. பவளத்தை மிதித்துத்தான் நடக்க வேண்டும். மிதிபட்டது பிழைப்பது அரிது. கடல் ஏறும் நேரத்தைப் படகுத்துறையில் விசாரித்துக்கொண்டு கிளம்புவது புத்திசாலித்தனம். மாறாக, நீலின் லக்ஷ்மண்பூர் பாறைக் குட்டைகளைப் பார்க்க நீர் வற்றியிருக்க வேண்டும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை நீர் தெளிவாக இருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கடல் கலங்கிவிடும்.

எச்சரிக்கையும் அவசியம். 2010-ல் ஹாவ்லாக்கில் ஸ்நார்கெலிங் செய்துகொண்டிருந்த அமெரிக்கப் பெண் ஒருவர் முதலைக்குப் பலியானார். ஓடை முகத்துவாரங்களிலும் அலையாத்திக் காட்டோரங்களிலும் இறங்கக் கூடாது. எச்சரிக்கைப் பலகையை அலட்சியப்படுத்தவும் கூடாது.

அதே 2010-ல் கடல் சூடேறி அந்தமான் பவளங்கள் பரவலாக வெளுத்தன. 2016-ல் மீண்டும் அதே கதி. உள்ளே குடியிருந்து உணவூட்டும் நுண்பாசியை இழந்த பவளம், சூடு தணியாவிட்டால் மடிகிறது. தப்பியதையாவது காப்பாற்ற, 1983-ல் அமைந்த வண்டூர் கடல் தேசியப் பூங்காவில் ஜாலி பாய், ரெட் ஸ்கின் என்ற இரு தீவுகளை மாறிமாறித்தான் திறக்கிறார்கள். ஜாலி பாய்க்குப் பிளாஸ்டிக் கொண்டுபோகத் தடை. உடைந்த துண்டே ஆனாலும் பவளத்தை எடுத்துவருவது குற்றம்.

வெயிலுக்குக் களிம்பு பூசுவதைவிட முழுக்கைச் சட்டை மேல். உயிர்காக்கும் மேலங்கி இருந்தால் களைப்பில் கால் ஊன்றத் தோன்றாது. கால் ஊன்றாமல் மிதந்து திரும்புகிறவர்கள்தான் அடுத்து வருகிறவர்களுக்கும் அந்த இடத்தை நல்ல இடமாக விட்டுவைக்கிறார்கள்.