காயம் மட்டும் போதாது: டோனி அயோமியின் கிட்டார்

ஹெவி மெட்டல் எப்படிப் பிறந்தது என்று கேட்டால் ராக் ரசிகர்கள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஓர் உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் டோனி அயோமி. 17 வயதில், வேலையை விட்டு இசைக்குழுவோடு கிளம்பவிருந்த கடைசி நாளன்று, எந்திரத்தில் கை சிக்கி வலக்கையின் நடுவிரல் நுனியும் மோதிரவிரல் நுனியும் போயின. அவர் இடக்கைக்காரர், அதனால் கிட்டாரின் தந்திகளை அழுத்த வேண்டியது அந்த வலக்கைதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல்களுக்குத் தொப்பி செய்தார், அதன்மேல் தோல் துண்டை ஒட்டிக்கொண்டு வாசித்தார். வலி குறையத் தந்திகளைத் தளர்த்தினார், ஒலி தாழ்ந்தது, ஹெவி மெட்டல் பிறந்தது என்று கதை முடியும். விபத்தும் உண்மை, தொப்பியும் உண்மை. ஆனால் கதையின் முடிவு மட்டும் தேதிகளோடு ஒத்துப்போகவில்லை.

அயோமியின் பிளாக் சபாத் குழு தன் முதல் ஆல்பத்தை 1969 அக்டோபரில் லண்டனில் ஒரே நாளில் பதிவுசெய்தது. அது 1970 பிப்ரவரியிலும், இரண்டாவதான ‘பாரனாய்ட்’ அதே ஆண்டு செப்டம்பரிலும் வெளிவந்தன. ‘பிளாக் சபாத்’, ‘அயர்ன் மேன்’, ‘வார் பிக்ஸ்’ என்று இன்றும் அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பாடல்கள் இவற்றில்தான் இருக்கின்றன. அவற்றில் கிட்டார் எல்லோரும் வைக்கும் வழக்கமான சுருதியில்தான் இருக்கிறது. தந்திகளை ஒன்றரைச் சுரம் தாழ்த்தி, அடித்தந்தியின் அதிர்வை நொடிக்குச் சுமார் 82இலிருந்து 69க்கு இறக்கியது 1971இல் வந்த ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’யில்தான். அதாவது, தந்தி தளர்வதற்கு முன்பே ஹெவி மெட்டலின் அந்தக் கனம் வந்துவிட்டது.

அப்படியானால் அது எங்கிருந்து வந்தது? முதல் விடை, அவர் எதை வாசிக்காமல் விட்டார் என்பதில் இருக்கிறது. வழக்கமான மேஜர் கார்டில் சட்ஜமம், காந்தாரம், பஞ்சமம் மூன்றும் சேர்ந்து ஒலிக்கும். ஆம்ப்ளிஃபயரை அதன் எல்லைக்கு மேல் முடுக்கி ஒலியைக் கரகரக்க வைத்தால் அந்த மூன்றும் மோதிக் குழம்பும். காந்தாரத்தை விட்டுவிட்டுச் சட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் வைத்தால் குழப்பம் இல்லை. அது மட்டுமல்ல, அவற்றின் அதிர்வுகள் 2க்கு 3 என்ற விகிதத்தில் இருப்பதால், கரகரப்பு அந்த இரண்டு எண்களின் வித்தியாசமாகிய 1ஐயும் ஒலிக்கச் செய்கிறது. அது கீழ்ச் சட்ஜமம். யாரும் மீட்டாத ஒரு தாழ்ந்த சுரம் தானாகச் சேர்ந்துகொள்கிறது. இதைத்தான் பவர் கார்டு என்கிறார்கள். இன்னொரு வியப்பு, கனமான ஒலிக்காக அவர் கூட்டியது அடியொலியை அல்ல, மேலொலியை. டல்லாஸ் ரேஞ்ச்மாஸ்டர் என்ற சிறு கருவியால் கிட்டாரின் கூர்மையான பகுதியை உயர்த்தி லேனி ஆம்பிற்குள் அனுப்பினார். ஒலி உறுமினாலும் கலங்கவில்லை. அடித்தளத்தைக் கீசர் பட்லரின் பேஸ் கிட்டார் கவனித்துக்கொண்டது; அயோமி வாசித்த அதே தொடரைப் பல இடங்களில் அதுவும் கூடவே வாசித்தது.

இரண்டாவது விடை காலம், அதாவது வாசிப்பின் வேகம். ‘பிளாக் சபாத்’ பாடலின் தொடக்கத்தில் இருப்பவை மூன்றே சுரங்கள்: சட்ஜமம், மேல் சட்ஜமம், பிறகு பிரதி மத்தியமம். சட்ஜமத்துக்கும் பிரதி மத்தியமத்துக்கும் உள்ள இந்த இடைவெளியைச் சாத்தானின் சுரம் என்றும், இடைக்காலத் தேவாலயம் தடைசெய்தது என்றும் சொல்வார்கள். அப்படி ஒரு தடைக்கு ஆதாரம் இல்லை. நம் கர்நாடக இசையின் 72 மேளகர்த்தா ராகங்களில் 36இல் பிரதி மத்தியமம் இருக்கிறது. அவற்றில் ஒன்றான கல்யாணியைக் கேட்டு யாரும் பயந்ததில்லை. பயம் சுரத்தில் இல்லை, அதை அயோமி கையாண்ட விதத்தில் இருக்கிறது. ஒரு சுரத்தை மீட்டிவிட்டு அது தேயும்வரை விடுகிறார், மூன்றாவதை நடுங்க வைக்கிறார், அடுத்ததுக்குக் கேட்பவரைக் காக்க வைக்கிறார். அதே மூன்று சுரங்களை இருமடங்கு வேகத்தில் வாசித்தால் மிரட்டல் போய்விடும்.

இதெல்லாம் அவருக்கு முன்பே இருந்தவைதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. லிங்க் ரே 1958இலேயே ‘ரம்பிள்’ என்ற கருவியிசையில் கரகரப்பைக் கொண்டுவந்தார். 1964இல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் ஸ்பீக்கரைக் கிழித்துப் பவர் கார்டு வாசித்தார். 1968இல் புளூ சியர் குழு அதைக் காதடைக்கும் அளவுக்குக் கொண்டுபோனது. ஆனால் அவர்களிடம் கரகரப்பு பாட்டின்மேல் பூசிய வண்ணமாக இருந்தது. அயோமியிடம் ரிஃப் எனப்படும் திரும்பத் திரும்ப வரும் சிறு தொடரே பாட்டாகிவிட்டது. ‘அயர்ன் மேன்’ பாடலில் குழுவின் பாடகர் ஓஸி ஆஸ்போர்னின் குரல் கிட்டார் போகும் வழியிலேயே போவதைக் கேட்டால் இது விளங்கும்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: காயம்தான் தன் வாசிப்பை மாற்றியது என்று அயோமியே சொல்லியிருக்கிறாரே? உண்மைதான். சில கார்டுகள் அவர் விரலுக்கு எட்டாமல் போயின; தடித்த தந்திகள் வலித்ததால் மெல்லிய பேஞ்சோ தந்திகளை மாட்டினார். காயம் சில வழிகளை அடைத்தது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அடைபடாத வழிகளும் பல இருந்தன. அதே விரல்களோடு அவர் சில ஆண்டுகள் புளூஸ் வாசித்தார். 1968 இறுதியில் ஜெத்ரோ டல் குழுவிலும் சிறிது காலம் இருந்தார். அவருக்கு ஊக்கமாக இருந்த கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் 1928 தீவிபத்தில் இடக்கையின் இரு விரல்கள் முடங்கியவர்; அவரிடமிருந்து வந்தது மின்னல் வேக ஜாஸ். பர்மிங்ஹாமின் ஆலைச் சத்தமே இந்த இசையானது என்ற விளக்கமும் இதே போலப் போதாது. மூடி புளூஸ் குழுவின் மென்மையான இசையும் அந்த ஊரில் பிறந்ததுதான்.

காயத்தையே காரணமாக்கும்போது, கேட்டுக் கேட்டுத் தேர்ந்த ஒரு காதின் உழைப்பு கணக்கில் வராமல் போகிறது. ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’யின் உறுமல்களுக்கு நடுவே ‘ஆர்க்கிட்’ என்ற மென்மையான அக்கூஸ்டிக் துண்டை அவர் வைத்திருக்கிறார். மெல்லிசை தெரியாததால் அவர் முரட்டு இசைக்கு வரவில்லை. எதற்குப் பக்கத்தில் எதை வைத்தால் கனம் கூடும் என்று தெரிந்தே வைத்தார். அவருக்குப் பின் வந்த பலர் தந்திகளை அவரைவிட அதிகம் தாழ்த்தினார்கள், ஆம்பை அதிகம் முடுக்கினார்கள். கனம் அந்த அளவுக்குக் கூடிவிடவில்லை. கருவியையும் சுருதியையும் யாரும் நகலெடுக்கலாம். எந்தச் சுரத்தை விடுவது, எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற முடிவுகளை அவரவரே எடுக்க வேண்டியிருக்கிறது.