அரக்குப் புடவை செங்கல் ஆனது ஏன்?

“டேய், இது என் புடவை இல்லைடா!”

டி.வி. முன்னால் நின்றுகொண்டு அம்மா இப்படிச் சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓடிக்கொண்டிருந்தது 1989-ல் நடந்த அவளுடைய கல்யாண வீடியோ. மாப்பிள்ளை, என் அப்பா. இப்போது அவர் இல்லை. அவர் நடந்து, சிரித்து, வேட்டி தடுக்கிச் சமாளிக்கிற ஒரே படம் அதுதான்.

“உன் கல்யாணம்தானேம்மா?”

“கல்யாணம் என்னுது. புடவை யாருதோ! அரக்குதான் வேணும்னு உங்கப்பா காஞ்சிபுரத்துல நாலு கடை ஏறி இறங்கினார். இது செங்கல் கலர்.”

அதோடு விட்டாளா? பீரோவைத் திறந்து, அந்துருண்டை வாசனையோடு அசல் புடவையை எடுத்துவந்து டி.வி. பக்கத்தில் பிடித்துக் காட்டினாள். அப்பீலுக்கே இடமில்லை.

குற்றவாளி நான்தான். கேசட்டில் பூஞ்சை பிடிப்பதற்குள் ஒரு கடையில் கொடுத்து, கம்ப்யூட்டர் ஃபைலாக மாற்றி வாங்கியிருந்தேன். படம் 720-க்கு 576 புள்ளிதான். ஆனால் மணிக்கு 13 ஜிபி. இரண்டு மணி நேரக் கல்யாணம் 26 ஜிபி! பென் டிரைவில் போட்டுச் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கலாமே என்று எச்.264 கோடெக்குக்கு மாற்றினேன். வீடியோவைச் சுருக்கி மூட்டை கட்டி, பார்க்கும்போது பிரிக்கிற முறைக்குத்தான் கோடெக் என்று பெயர். ஆசை யாரை விட்டது? பெரிய டி.வி.யில் பளிச்சென்று தெரியட்டும் என்று 1080 வரி எச்.டி.யாகவும் உயர்த்தினேன். 26 ஜிபி, 3 ஜிபி ஆனது. பழைய ஃபைலை அழிக்கக் கை போன நேரத்தில்தான் அம்மாவின் குரல். தப்பித்தேன்!

அன்று ராத்திரி இரண்டு ஃபைலையும் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டினேன். பழையதில் அரக்கு, புதியதில் செங்கல். வாசலில் கட்டியிருந்த வாழை இலை ஒரு சாயல் கறுத்திருந்தது. ஆனால் அப்பாவின் வேட்டி மட்டும் இரண்டிலும் ஒரே வெள்ளை. துப்பு கிடைத்துவிட்டது!

விஷயம் இதுதான். வீடியோ ஃபைலில் சிவப்பு, பச்சை, நீலம் என்று நேரடியாக எழுதி வைப்பதில்லை. வெளிச்சம் ஒரு கணக்கு; நிற வித்தியாசம் இரண்டு கணக்கு. கலர் ஒளிபரப்பு கறுப்பு வெள்ளைப் பெட்டியிலும் தெரியவேண்டும் என்ற காலத்து ஏற்பாடு அது. அந்த வெளிச்சத்தில் எந்த நிறத்துக்கு எவ்வளவு பங்கு? டெல்லியில் ஏஷியாட் நடந்து, நம் நாட்டுக்குக் கலர் டி.வி. வந்த அதே 1982-ல் ‘601’ என்று ஒரு சர்வதேச விதி வந்தது. அதன்படி சிவப்புக்குச் சுமார் 30 சதவிகிதம், பச்சைக்கு 59, நீலத்துக்கு 11. எச்.டி.க்கு 1990-ல் ‘709’ வந்தது. அதில் சிவப்பு 21, பச்சை 72, நீலம் 7.

என் ஃபைலில் இருந்தது 601 கணக்கு. அந்த லேபிளை நான் ஒட்டவில்லை. 1080 வரியைப் பார்த்த டி.வி., “ஓஹோ, எச்.டி.!” என்று 709-ல் பிரித்துவிட்டது.

நான் படித்தது பி.காம். லெட்ஜரில் 100 என்று எழுதி, ரூபாயா டாலரா என்று குறிக்காமல் விட்டால் என்ன ஆகும்? எண் சரி, மதிப்பு தப்பு! வெள்ளைக்கும் சாம்பலுக்கும் நிற வித்தியாசம் பூஜ்யம். பூஜ்யம் ரூபாயும் பூஜ்யம் டாலரும் ஒன்றுதானே? வேட்டி தப்பித்தது அதனால்தான்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஆனால், பதறாமல் நோயைப் பாருங்கள்.

வெள்ளை சரியாக இருந்து சிவப்பும் பச்சையும் மட்டும் புரண்டால், அநேகமாக 601-709 குழப்பம்.

தலைமுடி சாம்பலாகிப் படமே சாயம் போனாலும், அல்லது முடி மைக்கறையாகி வெள்ளைச் சட்டையின் மடிப்பெல்லாம் மறைந்தாலும், அது அளவுச் சண்டை. வீடியோவில் வழக்கமாகக் கறுப்பு 16, வெள்ளை 235. கம்ப்யூட்டருக்கோ 0, 255. ஒன்றை மற்றதாக எடுத்துக்கொண்டால் வந்தது வினை.

புது செல்போனில் எடுத்த வீடியோ, மாற்றியதும் வெளிறினால் அது எச்.டி.ஆர். ஆக இருக்கலாம். சாதா வீடியோவாக்கும்போது ‘டோன் மேப்பிங்’ செய்யவேண்டும்.

மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஃபைலைத் திறந்து ‘கலர் ரேஞ்ச்’, ‘மேட்ரிக்ஸ் கோஎஃபிஷியன்ட்ஸ்’ என்ற வரிகளைத் தேடுங்கள். வரியே இல்லையா? லேபிள் இல்லை என்று அர்த்தம்.

முக்கியமான விஷயம்: கெட்டுப்போன ஃபைலை எடுத்து வைத்துக்கொண்டு கலர் பட்டனைத் திருகாதீர்கள். ஒவ்வொரு தடவை சுருக்கும்போதும் படத்தில் கொஞ்சம் போய்க்கொண்டே இருக்கும். மூல ஃபைலிலிருந்தே ஆரம்பியுங்கள். நான் எஃப்எஃப்எம்பெக் மென்பொருளில் 601-ஐ 709-க்கு முறையாகக் கணக்கு மாற்றி, லேபிளும் ஒட்டினேன். முதலில் பத்தே விநாடி மாற்றிப் பார்த்தேன். வெள்ளை வேட்டியும் சிவப்புப் புடவையும் சேர்ந்து வருகிற காட்சி. நம்மூர்க் கல்யாணத்தில் அதற்கா பஞ்சம்!

மறுநாள் அம்மாவைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். புடவை அரக்காகத்தான் இருந்தது. அவள் அதைப் பார்த்த மாதிரியே தெரியவில்லை. அப்பா வேட்டி தடுக்கிச் சிரிக்கிற இடம் வந்ததும், “கொஞ்சம் நிறுத்து” என்றாள்.

“அன்னிக்குத்தான்டா, புடவை உனக்கு நல்லாருக்குன்னு சொன்னார். அதுக்கப்புறம் முப்பது வருஷம் வாயே திறக்கலை!”

26 ஜிபி ஃபைல் இன்னும் அப்படியே இருக்கிறது. ஆடிட் முடிகிறவரை ஒரிஜினல் வவுச்சரைக் கிழிக்கக்கூடாது என்று காலேஜில் சொல்லிக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் ஆடிட் முடிகிற மாதிரி தெரியவில்லை.