ஒரு வாக்கின் விலை: 'மண்டேலா' சொல்லும் கிராம அரசியல்

தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தலுக்கு இரு தினங்களே இருந்த நிலையில், 2021 ஏப்ரல் 4ஆம் திகதி தொலைக்காட்சியில் நேரடியாக வெளியானது 'மண்டேலா' திரைப்படம். தொடர்ந்து நெட்ஃபிளிக்ஸிலும் வந்ததால், நோர்வேயின் தலைநகர் ஒஸ்லோவில், குரோருட் போன்ற புறநகர்ப் பகுதிகளில் வாழும் தமிழர்களும் அதனை வீட்டிலிருந்தே பார்க்க முடிந்தது.

மடோன் அஸ்வின் இயக்கிய இப்படத்தின் களம் சூரங்குடி என்ற கற்பனைக் கிராமம். அங்கு புதிதாகக் கட்டப்பட்ட பொதுக் கழிப்பறைகூட இரு சாதியினரின் சண்டையில் பாழாகிறது. ஊராட்சித் தலைவர் தேர்தலில் இரு தரப்புக்கும் சமமான வாக்குகள் இருப்பது தெரியவரும்போது, அதுவரை பெயர்கூட இல்லாதிருந்த சவரத் தொழிலாளி ஒருவரின் வாக்கு முடிவைத் தீர்மானிப்பதாகிறது. அஞ்சலகப் பெண் ஊழியர் ஒருவர் அவருக்கு நெல்சன் மண்டேலா என்று பெயரிட, அடையாள அட்டையும் கிடைக்கிறது. இப்பாத்திரத்தில் யோகி பாபு நடித்திருக்கிறார்.

கிராமங்கள் புறக்கணிக்கப்படுவதற்கு அரசியல்வாதிகளின் மறதியோ நிதிப் பற்றாக்குறையோ காரணம் என்று கூறுவது வழக்கம். படம் காட்டுவது வேறு கணக்கு. சாதியின் பெயரால் முன்கூட்டியே உறுதியாகிவிட்ட வாக்குக்காக எந்த வேட்பாளரும் சாலை போடவோ விளக்கு எரியவிடவோ வேண்டியதில்லை. எவருக்கும் உரித்தாகாத வாக்குக்கு மட்டுமே அங்கு விலை உண்டு. அந்த விலையை முதலில் தனது வசதிக்காகப் பயன்படுத்தும் மண்டேலா, பின்னரே ஊருக்காகக் கேட்கத் தொடங்குகிறார். அவரைப் பிறவித் தியாகியாகக் காட்டாததே படத்தின் பலம் எனலாம்.

ஆனால் இத்தகைய சமநிலை நிஜத்தில் அபூர்வம். சில வேளைகளில் தேர்தலே நடப்பதில்லை. அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் ஊராட்சித் தேர்தலை ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை கட்டாயமாக்கியிருந்தும், தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான், அதுவும் 27 மாவட்டங்களில் மட்டும், தேர்தல் நடந்தது. எஞ்சிய 9 மாவட்டங்கள் 2021 அக்டோபர் வரை காத்திருந்தன. இடைக்காலத்தில் நிர்வாகம் தனி அலுவலர்களின் கையில் இருந்தது. இக்காலத்தில் உடைந்த குழாய்க்காகவோ எரியாத விளக்குக்காகவோ வாக்குரிமையைக் காட்டிப் பேரம் பேச, கிராமத்தவருக்கு எதிரே ஒரு வேட்பாளரே இருக்கவில்லை.

குரோருட்டில் நிலைமை தலைகீழானது. நோர்வேயில் தொடர்ச்சியாக மூன்றாண்டுகள் வசித்த வெளிநாட்டவர், குடியுரிமை பெறாமலேயே, 1983 முதல் உள்ளாட்சித் தேர்தல்களில் வாக்களிக்க முடிகிறது. நாடாளுமன்றத் தேர்தலுக்குத்தான் குடியுரிமை தேவை. குடியேறியவர்கள் செறிந்து வாழும் குரோருட் பள்ளத்தாக்கின் வாழ்க்கைச் சூழலை மேம்படுத்த, அரசும் ஒஸ்லோ மாநகராட்சியும் 2007 முதல் 2016 வரை கூட்டுத் திட்டமொன்றை நடத்தின. எனினும் உள்ளாட்சித் தேர்தல்களில் இங்கு வாக்களிப்போர் விகிதம் நகரின் வசதிமிக்க மேற்குப் பகுதிகளைவிடக் குறைவாகவே இருந்து வந்துள்ளது.

மண்டேலாவைப் போல இவர்கள் அட்டைக்காக அலைய வேண்டியதும் இல்லை. மக்கள் பதிவேட்டில் உள்ள தகுதியுடையோரின் பெயர்கள் வாக்காளர் பட்டியலில் தாமாகவே சேர்ந்துவிடுகின்றன.